வியாழன் வரை வளர்க்க ஒரு பச்சோந்தி

சாஃபி,
ஜூன் 12

மீலூத் அவர்களுக்கு,

உங்கள் மனைவி ரகிய்யா ஸலாம் சொல்லி எழுதுகிறேன். இறைவன் கருணையில் உங்கள் அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். கடலுக்கு அந்தப் பக்கம் நீங்கள் வேலை பார்க்கிற லியோனில் குளிர் விட்டிருக்கும், உங்கள் இருமலும் விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

இதுவரை இந்த வீட்டிலிருந்து வந்த கடிதங்களில் கையெழுத்து என்னுடையது, பேச்சு உங்கள் அம்மாவுடையது. அவர் மெத்தையில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கடைசியில் "ரகிய்யாவும் ஸலாம் சொல்றான்னு போடு" என்பார். அதையும் நானே எழுதுவேன். இந்தக் கடிதம் அப்படி வந்தது இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பேசுவது நான்தான். ஒரு டீயைப் போட்டு வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் நல்ல செய்தி. நம் வீட்டில் ஒரு பச்சோந்தி வளர்கிறது. வந்தபோது என் நடுவிரல் நீளம்தான் இருந்தது. இப்போது உள்ளங்கையில் உட்கார்ந்தால் வால் மணிக்கட்டில் வந்து சுற்றிக்கொள்கிறது. இரண்டு நாள் தாங்காது என்று தெருவே சொன்னது. ஏழு வாரம் ஆகிவிட்டது. நான்தான் பிழைக்க வைத்தேன். இதை நானே மெச்சிக்கொள்கிறேன், யார் என்ன சொன்னாலும் கவலையில்லை.

அது எதற்காக வந்தது என்பதுதான் அவ்வளவு நல்ல செய்தி இல்லை.

போன குளிர்காலத்தில் நீங்கள் பழைய துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டி ஊருக்கு வந்தவர்களிடம் கொடுத்தனுப்பினீர்களே, அதில் நான் தைத்துக் கொடுத்த நீலச் சட்டையும் இருந்தது. மேலிருந்து இரண்டாவது பொத்தான் கறுப்பு நூலில் குறுக்காகத் தைக்கப்பட்டிருந்தது. நான் பொத்தான் தைத்தால் நூல் குறுக்கே வெட்டாமல் இரண்டு நேர்கோடாகப் போகும். நீங்களோ ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் ஊசியைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிற மனிதர். இரண்டு கோடையாக ஊருக்கு வரவும் இல்லை. அந்தச் சட்டையைப் பெட்டியின் அடியில் வைத்தேன். வைத்தேனே தவிர, அந்தப் பொத்தான் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. மத்தி தலையைக் கிள்ளும்போது பொத்தான், மாவு பிசையும்போது பொத்தான்.

பக்கத்து வீட்டு ஹத்தாவை மறந்திருக்க மாட்டீர்கள். கணவரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு மூன்று வருடமாக அவரோடு ஒரு வார்த்தை பேசாதவள். அவளிடம்தான் ஒருநாள் சொல்லி அழுதேன். அவள் சொன்னாள்: "அழுது என்னடி ஆகப்போவுது? ஒரு பச்சோந்திய வாங்கு. வியாழக்கிழமை சாயங்காலம் உசிரோட நெருப்புல போடு. பட்டுனு வெடிச்சா உன் ஆளு அங்க ஒருத்திய வெச்சிருக்கான். வெடிக்காம உருகிப் போச்சுன்னா சுத்தமான ஆளு. நான் போட்டப்ப எப்படி வெடிச்சது தெரியுமா? எங்க வீட்டுப் பூனை ரெண்டு நாள் திரும்பி வரல."

கடல் பொங்கிப் படகுகள் வராத ஒரு திங்கட்கிழமை. மீன் வராததால் எங்கள் மத்தி டப்பா ஆலையின் சங்கு ஊதவில்லை. மூலிகைக் கடைத் தெருவுக்குப் போனேன். கடைக்காரர் மேலே காய்ந்த பச்சோந்திகளை மாலையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார், கீழே கம்பிக் கூண்டில் உயிரோடு. "காஞ்சது கண்ணேறுக்கு, உசிரோட இருக்கறது புருஷனுக்கு. உனக்கு எதும்மா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார். புருஷனுக்கு என்று முணுமுணுத்தேன். "அப்ப சின்னதா எடுத்துக்கோ. அவரு செஞ்ச தப்பும் சின்னதாவே இருக்கட்டும்" என்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். கிளம்பும்போது மட்டும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "வியாழன் வரைக்கும் சாக விட்றாத. செத்துப்போனது பேசாது" என்றார்.

இப்படியாக, கொல்வதற்காக ஒரு உயிரை மூன்று நாள் காப்பாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

முற்றத்து எலுமிச்சை மரத்தில் விட்டேன். உங்கள் அம்மா பார்த்துவிட்டு, "ஏண்டி, வீட்டுல நான் ஒருத்தி முறைக்கிறது பத்தலையா?" என்றார். பிறகு அதன் கண்களைக் கவனித்துவிட்டு, "ஒரு கண்ணு அடுப்பு மேல, ஒரு கண்ணு மாமியா மேல. மருமகளுக்குன்னே பொறந்திருக்கு" என்றார். அவர் அதற்கு வைத்த பெயர் காயித். ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, பாதி வைத்து, மறுபடி எடுக்கிறதே, அது நம் வட்டார அதிகாரி காயித்தின் அலுவலகத்தில் நம் மனு நகர்கிற மாதிரி இருக்கிறதாம்.

செவ்வாய்க்கிழமை அது கரித்துண்டு நிறத்துக்குப் போய்விட்டது. கண்கள் குழி விழுந்துவிட்டன. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன், கல்லைப் பார்ப்பது போலப் பார்த்தது. வாயருகே கொண்டுபோனால் சீறியது. ரொட்டி, தக்காளி, கடைசியில் மத்தி கூட வைத்துப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை. புதன்கிழமை காலை கிளையைப் பிடித்திருந்த கால் ஒன்று தளர்ந்து தொங்கியது. எனக்கு வந்த கோபம் உங்களுக்குத் தெரியாது. நீங்களும் ஒன்றும் சொல்லவில்லை, இதுவும் பதில் சொல்லாமல் சாகப் போகிறதே என்று அதைத் திட்டினேன்.

அப்போதுதான் டீக்காகப் புதினாக் கட்டை அலசி, தண்ணீர் வடியட்டும் என்று எலுமிச்சைக் கிளையில் மாட்டினேன். அதன் மூக்குக்கு எதிரே ஒரு சொட்டு இலை நுனியில் நின்று ஆடியது. கண் திரும்பியது. பிறகு இன்னொரு கண்ணும் அதே சொட்டுக்கு வந்தது. வாயைத் திறந்து நக்கியது! நான் புதினாவைத் திரும்ப நனைத்தேன். மறுபடி நக்கியது. கிண்ணத்துத் தண்ணீர் தண்ணீர் என்றே அதற்குத் தெரிந்திருக்கவில்லை, இலையில் ஆடி மின்னினால்தான் தெரிகிறது. ஒரு மணி நேரம் நான் நனைக்க, அது குடிக்க, உங்கள் அம்மா உள்ளேயிருந்து "அது டீக்கு வெச்ச புதினாடி!" என்று கத்திக்கொண்டே இருந்தார். அன்று டீயே இல்லை.

சாப்பாட்டுக் கதை இன்னும் நன்றாக இருக்கும், கேளுங்கள். என் ஆலை ஏப்ரனை உங்கள் அம்மா வாசலுக்கு உள்ளே விடமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்களும் கல்யாணமான புதிதில் சோப்பை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் பக்கத்தில் வருவீர்கள். நான் ஒன்றும் மறக்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் களைப்பில், யோசிக்காமல் அந்த ஏப்ரனை எலுமிச்சை மரத்திலேயே மாட்டிவிட்டேன். சாஃபியில் உள்ள ஈக்கள் எல்லாம் வந்து மொய்த்தன. காயித் மெதுவாகத் திரும்பினான். வாயிலிருந்து ஏதோ பாய்ந்ததைப் பார்த்தேன், ஈ இல்லை. இன்னொன்று பாய்ந்தது, இன்னொரு ஈ இல்லை. பதினொன்று வரை எண்ணினேன். பன்னிரண்டு வருடமாக எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்ட அந்த நாற்றம் ஒரு உயிருக்கு விருந்தாகிவிட்டது! தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் அடுத்த நாள் வியாழன்.

ஹத்தா சாயங்காலம் தன் கணப்பையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கரி சிவந்திருந்தது, சாம்பிராணியும் போட்டாயிற்று. கடல் காற்று குளிராக வீசியது. நான் காயித்தைக் கையில் எடுத்தேன், குளிரில் கறுத்துப் போயிருந்தான். நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவன் பயப்படவில்லை. உடம்பைத் தட்டையாக்கி, வெயிலுக்குக் காட்டுவது போல விலாவை நெருப்புக்குக் காட்டினான். சூடு ஏற ஏறக் கறுப்பு போய்ப் பச்சை வந்தது, கழுத்திலிருந்து வால் வரை, பட்டாணித் தோல் மாதிரி. ஒரு கண் கரியைப் பார்த்தது, இன்னொரு கண் என்னைப் பார்த்தது. நான் குளிர்காய வைக்கிறேன் என்று நினைத்துவிட்டான், மீலூத்.

"போடுடி" என்றாள் ஹத்தா.

போட மாட்டேன் என்றேன். "பயமா?" என்றாள். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "என் புருஷன் லியோன்ல என்ன செஞ்சாருன்னு எலுமிச்ச மரத்துல இருக்கற இவனுக்கு என்ன தெரியும்? எங்க ஆலையில சூடு ஏறிப்போனா மூடுன டப்பா வெடிக்கும் ஹத்தா. அதுக்குள்ள இருக்கற மத்தி என்ன பாவம் செஞ்சுது? தண்ணி இருக்கற எதுவும் நெருப்புல வெடிக்கத்தான் செய்யும். நீ போட்டதும் அப்படித்தான் வெடிச்சிருக்கும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது. ஹத்தாவின் முகம் வெளுத்துவிட்டது. கணப்பை விட்டுவிட்டு எழுந்து போனாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. "கூஸ்கூஸ் ஆறுது, வந்து சாப்பிடு." மூன்று வருடத்தில் முதல் பேச்சு. அவள் கணவர் என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை. ஒரு பெரிய ஆண்பிள்ளை மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. இப்போது தினமும் இருவரும் சத்தமாகச் சண்டை போடுகிறார்கள், தெருவுக்கே சந்தோஷம்.

உங்கள் அம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஹத்தா போனதும் வந்து, "எந்தப் பட்டன்? காட்டு" என்றார். சட்டையை எடுத்து வந்து கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து, நூலை நகத்தால் தூக்கிப் பார்த்தார். "உன் தையல் இல்ல, என் தையலும் இல்ல. எம்புள்ள கையா? அவன் செருப்பு வாரையே மாட்டத் தெரியாம அழுதவன்." சட்டையை மடித்து என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "கேட்டு எழுது. எனக்கு மகன்னு பார்க்காத. நீயே எழுது, நான் சொல்ல மாட்டேன்." அன்றுதான் முதல்முறையாக அவர் தோளில் சாய்ந்து அழுதேன். மீன் நாற்றம் என்று அவர் தள்ளவில்லை.

எழுதுவதற்கு எனக்கு ஏழு வாரம் பிடித்தது. காயித் தேறிவிட்டால் எழுதுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடுவில் ஒருநாள் தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்ததும் உங்கள் அம்மா "போச்சு, போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே புதுப் பச்சை இருந்தது. இப்போது ஆலையில் பெண்கள் காலையில் என்னைக் கேட்பதற்கு முன் அவனைத்தான் நலம் விசாரிக்கிறார்கள். உங்கள் அம்மா நான் வீட்டுக்குள் நுழையும்போதே, "ஏப்ரன சீக்கிரம் கொண்டாந்து மாட்டுடி, காயித் பசியோட உக்காந்திருக்கான்" என்கிறார். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கிறதற்காகவே அவனை இன்னும் பத்து வருடம் வளர்க்கலாம்.

இனி, உங்கள் விஷயம்.

இந்தக் கடிதத்தோடு நீலச் சட்டையும் வருகிறது. அந்த இரண்டாவது பொத்தானை அப்படியே விட்டிருக்கிறேன். மூன்றாவதை நானே அறுத்துவிட்டேன். அறுத்த பொத்தானையும் ஊசியையும் கறுப்பு நூலையும் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அதை நீங்கள் உங்கள் கையால் தையுங்கள். அங்கே தனியாக இருந்து தையல் பழகியிருந்தால், இரண்டு பொத்தானும் ஒரே மாதிரி இருக்கும். அப்போது என்னைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளுங்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். தைக்க வரவில்லையென்றால் வேறு யார் கையிலும் கொடுக்காதீர்கள். என்ன நடந்தது என்று நேராக எழுதுங்கள். அழுவேன், கத்துவேன், உங்கள் அம்மாவும் சேர்ந்து கத்துவார். ஆனால் வெடித்துவிட மாட்டேன்.

ஆகஸ்டில் அங்கே ஆலைகளுக்கு விடுமுறை விடும்போது அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். எலுமிச்சை மரத்தில் என் ஏப்ரன் தொங்கும், அதைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். மூக்கைப் பிடிக்காமல் வாருங்கள். பொத்தான் இல்லாமல் நெஞ்சு திறந்து வந்தாலும் வாருங்கள். பொய்யை மட்டும் மாட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

வழியெல்லாம் இறைவன் உங்களுக்குத் துணையிருந்து, முழு உடம்போடும் முழு மனதோடும் இந்த வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் மனைவி,
ரகிய்யா

பி.கு. உங்கள் அம்மாவும் ஸலாம் சொல்கிறார்.