பூம் கேட்காத வலது காது

மார்ச் 4

இன்று நிகழ்ச்சியில் ஒரு நேயர் போன் போட்டார். "பழைய ராப் பாட்டை எல்லாம் பூம்-பாப்னு சொல்றீங்களே, அப்படின்னா என்னம்மா?"

எட்டு வருஷமாக வானொலியில் இதையே போட்டுக்கொண்டிருக்கிறேன், விடுவேனா? பெரிய டிரம்மின் கனத்த அடி பூம். சின்ன டிரம்மின் சுள்ளென்ற அடி பாப். அந்தத் தாளத்தை வாயால் போட்டுக் காட்டியதே பெயராக ஒட்டிக்கொண்டது என்று அளந்தேன்.

ஆனால் அடுத்த பாட்டு ஓடும்போது ஹெட்போனில் வலது பக்கம் பாப் மட்டும்தான் வந்தது. ஒயரைத் திட்டினேன். ஒயர் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 11

காது டெஸ்ட். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். நானும் அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். டெஸ்ட் எடுக்கும் பெண் கதவைத் திறந்தாள். "மேடம், நான் சத்தத்தை நிறுத்தியே ஒரு நிமிஷம் ஆச்சு."

ஐயோ, மானம் போச்சு! முதல் நாலு சத்தம் ஒரே இடைவெளியில் வந்தது. மிச்சத்தை நானே தாளம் பிடித்து அடித்திருக்கிறேன்.

இடைவெளியை மாற்றி மாற்றி மறுபடி எடுத்தாள். வலது காதில் கனத்த சத்தம் ஒன்றுகூட விழவில்லை. காதுக்குள் குட்டி எலும்பு ஒன்று இறுகிவிட்டதாம். ஆபரேஷன் செய்தால் சரியாகலாம். நூறில் ஒருவருக்குக் கொஞ்சநஞ்சம் கேட்பதும் போய்விடுமாம்.

மார்ச் 12

அந்த ஒருத்தி நானா இருந்தா?

மார்ச் 15

வீட்டுக்காரர் தேற்றப் பார்த்தார். "காது கேக்காமலே தாளம் தப்பலையே! நீ எப்படியும் நிகழ்ச்சி நடத்திடுவ."

"எனக்கு நடத்த வேண்டாம், கேக்கணும்!" என்று கத்திவிட்டேன். பாவம் மனுஷன். தேநீர் போட்டுக் கொடுத்தார்.

ஏப்ரல் 2

ஆபரேஷன் முடிந்தது. காதில் பஞ்சு. தலை கிறுகிறுக்கிறது.

மே 6

அதே அறை, அதே பெண். "மேடம், இந்தத் தடவை தாளம் போடக் கூடாது." அவளுக்குச் சிரிப்பு.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஒன்றுமில்லை. கட்டைவிரல் அரித்தது, அழுத்தவில்லை. இன்னும் ஒன்றுமில்லை — போச்சா? அப்புறம் எங்கோ அடியில், மெல்ல, கனமாக. கேட்டது! நிஜமாகவே கேட்டது.

வெளியே வந்து இடது காதை விரலால் அடைத்துக்கொண்டேன். "அடிங்க" என்றேன் வீட்டுக்காரரிடம். பெஞ்சில் முஷ்டியால் ஒன்று, உள்ளங்கையால் ஒன்று. பூம். பாப். அப்பாடா!

"இன்னொரு தடவை." அடித்தார். "இன்னொரு தடவை."

நர்ஸ் வந்து இருவரையும் அதட்டினார். அந்தத் திட்டும் வலது பக்கமாகத்தான் வந்தது.