உன் எண் அடித்த குழாய்கள்

ஜனவரி 6

அன்பு மச்சான்,

வந்து சேர்ந்தேன். நலம். உன் நலமும் தங்கச்சியின் நலமும் அறிய ஆவல் என்று எழுதினால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள், ஆவல்தான்.

வந்த மறுநாளே போனை விற்றுவிட்டேன். படுக்கைக்கு முன்பணம் கேட்டார்கள். இனிமேல் தபால்தான். அறையில் ஒன்பது பேர், எல்லாம் அடுக்குக் கட்டில். கீழ்ப் படுக்கை வாரத்துக்கு அறுநூறு, மேல் படுக்கை நானூற்றைம்பது. மேலே படுத்திருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே இருப்பதெல்லாம் கட்டிலுக்கு வெளியேதான் தூங்குகிறது. வாடகையில் ஒரு நாளைக்கு இரண்டு வாளி தண்ணீர் சேர்த்தி. மூன்றாவது வாளிக்குப் பத்து. நேற்று மூன்றாவது வாளியைத் தொட்டேன். "குளிக்க வந்தியா, வேலை தேட வந்தியா?" என்றார் வீட்டுக்காரர். ரெண்டுக்கும்தான் என்றேன். பத்தை வாங்கிக்கொண்டுதான் சிரித்தார்.

பட்டறை மூடியபோது முதலாளி கொடுத்ததில் என் பங்கும், உன் பங்கில் பாதியும், மொத்தம் ஒன்பதாயிரத்துடன் கிளம்பினேன். இந்தக் கணக்கில் ஏழு வாரம் தாங்கும். அதற்குள் நம் இருவருக்கும் வேலை. ஒரு பிட்டர், ஒரு வெல்டர், ஜோடியாக. பன்னிரண்டு வருடம் நான் பொருத்தினேன், நீ பற்றவைத்தாய். அதைத்தான் எல்லாரிடமும் சொல்லப்போகிறேன்.

உன் வெல்டிங் சான்றிதழ் பத்திரம். இங்கே ஒரிஜினலைக் காட்டாதவனைக் கேட்டுக்குள்ளேயே விடுவதில்லை. நீ நகலைக் கொடுக்காமல் ஒரிஜினலையே கொடுத்தது நல்லதாயிற்று. பனியனுக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறேன். எனக்குத்தான் காகிதமே கிடையாது. பிட்டரிடம் யார் காகிதம் கேட்டார்கள்?

உன்
நெட்டை


ஜனவரி 15

மச்சான்,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் படிக்க எனக்கு ஒரு நாள், மீதியைப் படித்துச் சொல்ல உன் தங்கச்சிக்கு ஒரு நாள்.

இங்கே ஜன்னல் கம்பி வேலை கொஞ்சம் வருகிறது. மலிவு வெல்டிங் ராடு வாங்கிக் கொடுத்துவிட்டு, பிசிறு ஏன் வருகிறது என்று கேட்கிறார்கள். ஒருவரிடம், "உங்க கேட்டுக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டேன். அவர் இனிமேல் கூப்பிடமாட்டார். இவளுக்கு ஏழாம் மாதம். கால் வீங்குகிறது. டாக்டர் மாத்திரை எழுதினார். மாத்திரையின் விலையைக் கேட்டதும் எனக்கும் ஏதோ வீங்கிவிட்டது.

நீ அவசரப்படாதே. வாயைக் குறை. வேலை கேட்டுப் போகிற இடத்தில் முதலாளிக்கே பாடம் நடத்தாதே. மதியம் சாப்பிடாமல் மிச்சம் பிடிக்காதே. நீ மயங்கி விழுந்தால் தூக்க நாலு பேர் வேண்டும், அந்த ஊரில் உனக்கு ஒருவரும் இல்லை.

பழைய பட்டறைப் பக்கம் போனேன். பூட்டில் துரு.

கட்டை


ஜனவரி 30

அன்பு மச்சான்,

மூன்று வாரத்தில் பத்தொன்பது கேட். காலை ஐந்தரைக்கே வரிசை. இந்தத் தொழிற்பேட்டையில் நஷ்டமில்லாமல் ஓடுகிற ஒரே தொழில் எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடைதான். விண்ணப்பம் ஒன்றுக்கு மூன்று நகல், இரண்டு போட்டோ. வேலையில்லாதவன் கையிலிருக்கிற கடைசிக் காசையும் பிடுங்க எவ்வளவு ஒழுங்காக ஏற்பாடு செய்திருக்கிறார்கள் பார். ஓர் ஏஜென்சிக்காரன் பதிவுக் கட்டணம் என்று ஆயிரம் வாங்கினான். மறு வாரம் போனால் அதே அறையில் ஒருவர் செருப்பு விற்றுக்கொண்டிருந்தார். "நேத்துதான் வந்தேன் தம்பி, வேணும்னா ஒரு ஜோடி பாருங்க" என்றார்.

ஜோடி என்றதும் நினைவு வருகிறது. குழாய் போடுகிற ஒரு கான்ட்ராக்டரிடம் நம் கதையைச் சொன்னேன். "ஜோடியாவா? வண்டிக்கு மாடா பிடிக்கிறேன், ஜோடியா பிடிக்க?" என்றான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்தால் உள்ளே விடுவான் என்று சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் நானும் சிரித்தேன். அதுதான் தாங்கவில்லை.

பிட்டர் வேலை என்றால் அவனவன் மச்சினனை வைத்திருக்கிறான். சான்றிதழ் உள்ள வெல்டர் என்றால் எல்லாருக்கும் வேண்டும். "அவன் ஊரில் இருக்கிறான், கூப்பிட்டால் வருவான்" என்பேன். "இப்ப நிக்கிறவன்தான் வேணும்" என்பார்கள்.

பேருந்தை நிறுத்திவிட்டேன், நடைதான். காலையில் டீயும் பன்னும், சாயங்காலம் ஒரு சாப்பாடு. மதியம் சாப்பிடுகிறேனா என்று கேட்காதே. தங்கச்சியை ஒரேயடியாக நின்றுகொண்டிருக்க விடாதே.

நெட்டை


பிப்ரவரி 13

அன்பு மச்சான்,

வேலை கிடைத்துவிட்டது! அந்த மாட்டு வண்டிக் கான்ட்ராக்டரிடமேதான். ஒரு தொழிற்சாலைக்கு நீராவிக் குழாய் இழுக்கிறார்கள், ஒரு வருட வேலை. இப்போதைக்கு ஒரே இடம்தான் காலி. உள்ளே நுழைந்துவிட்டேன் அல்லவா, உனக்கும் பார்க்கிறேன்.

வாரச் சம்பளம். நாம் நினைத்ததைவிட அதிகம். இத்துடன் இரண்டாயிரம் மணியார்டர். மாத்திரைக்கு ஆகும். கீழ்ப் படுக்கைக்கு இறங்கிவிட்டேன். இப்போது கால் நடைபாதையில் இருக்கிறது, எல்லாரும் தாண்டிப் போகிறார்கள்.

வேலை நெருக்கடி. சுருக்கமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நெட்டை


பிப்ரவரி 24

மச்சான்,

பணம் வந்தது. இவள் உன் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். "அண்ணன் மூணு பக்கம் எழுதற ஆளு, வேலை கிடைச்ச சந்தோஷத்துல அரைப் பக்கமா?" என்கிறாள். நெருக்கடி என்று சொன்னேன். உனக்குப் பிட்டர் வேலையில் இவ்வளவு சம்பளமா என்று எனக்கும் ஆச்சரியம். நல்லதுதான்.

எனக்கும் ஒரு நல்ல செய்தி. இங்கிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு பாய்லர் ஆலை. நிரந்தர வேலை, குடும்பத்துக்கு மருத்துவச் செலவு அவர்கள் பொறுப்பு. நம் பட்டறையின் பழைய சூப்பர்வைசர் அங்கே இருக்கிறார், என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மார்ச் 20ஆம் தேதி ஒரிஜினல் சான்றிதழுடன் வரச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தை பிறக்கிற சமயம்தான். இருந்தாலும் போய்விடுவேன்.

சான்றிதழைப் பதிவுத் தபாலில் உடனே அனுப்பு. மடிக்காதே. அட்டை வைத்து அனுப்பு.

அங்கே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக, ஒரு பிட்டர் இருக்கிறான், கொஞ்சம் வாய் நீளம், என்று சொல்லிவைக்கிறேன்.

கட்டை


மார்ச் 5

மச்சான்,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்துவிட்டேன்.

சான்றிதழ் என்னிடம் இல்லை. கான்ட்ராக்டரின் அலமாரியில் இருக்கிறது. ஆள் ஓடிவிடக் கூடாது என்று ஒரு வருடத்துக்கு ஒரிஜினலைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். நான் பிட்டராகச் சேரவில்லை. வெல்டராகச் சேர்ந்திருக்கிறேன். உன் சான்றிதழில், நீயாக.

அன்று என்னிடம் நூற்று நாற்பது மிச்சம் இருந்தது. வாடகைக்கு இரண்டு நாள் கெடு. கான்ட்ராக்டர் கேட்டில் வந்து, "சர்டிபிகேட் இருக்கிற வெல்டர் யாரு?" என்று கத்தினான். கை தானாக உயர்ந்தது என்று எழுதினால் பொய். யோசித்துத்தான் உயர்த்தினேன். அவன் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. ஒரு குழாயை இரண்டாக வெட்டிக் கொடுத்துச் சேர்க்கச் சொன்னான். சாப்பாட்டு நேரத்தில் கழிவு இரும்பில் நீ எனக்குப் பழக்கிக்கொடுத்தாயே, அப்படியே போட்டேன். வளைத்துப் பார்த்தான், உடையவில்லை. அப்போது உன்னை நினைத்துக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

யாரை ஏமாற்றினேன், சொல். முகம் பார்க்காமல் காகிதம் பார்க்கிறவனை. பத்தொன்பது கேட்டில் என்னை நாய் மாதிரி நிற்கவைத்தவனை. இரண்டு பேருக்கு ஒரு வெல்டிங் கண்ணாடி கொடுத்துவிட்டு, பாதுகாப்பே முதன்மை என்று பலகை மாட்டியிருக்கிறவனை. அவன்மேல் எனக்கு ஒரு துளி இரக்கம் கிடையாது.

ஆனால் உனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். இங்கே ஒவ்வொரு இணைப்புக்குப் பக்கத்திலும் பற்றவைத்தவனின் சான்றிதழ் எண்ணை இரும்பில் அடிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் உன் எண்ணைத்தான் அடிக்கிறேன். இதுவரை எண்பத்தாறு இணைப்பு. தண்ணீர் ஏற்றிச் சோதித்தபோது இரண்டு கசிந்தன. திருத்திவிட்டேன்.

சான்றிதழைக் கேட்டுப் பார்த்தேன். "வீட்ல வெச்சுப் பூஜை பண்ணவா? வேற எங்கேயோ வேலை பார்த்து வெச்சிருக்கே, அதானே?" என்றான். விட்டுப் போனால் ஜாமீனாகப் பிடித்து வைத்திருக்கிற சம்பளமும் கிடைக்காது, காகிதமும் உடனே வராது.

மாதாமாதம் சம்பளத்தில் சரிபாதி உனக்கு. இந்த ஒரு வருடம் மட்டும். பாய்லர் ஆலைக்காரர்களிடம் தேதி தள்ளிக் கேள். ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

நெட்டை


மார்ச் 27

மச்சான்,

19ஆம் தேதி பெண் பிறந்தது. இரண்டு பேரும் நலம். கால் வீக்கம் இன்னும் வடியவில்லை.

மறுநாள் காகிதம் இல்லாமலே ஆலைக்குப் போனேன். பழைய சூப்பர்வைசர் வாசல் வரை வந்தார். "நீ இப்படிக் கவனமில்லாத ஆள் கிடையாதேப்பா" என்றார். உன் பெயரை இழுக்கவில்லை. அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள்.

நீ கம்பெனிக்காரனை ஏமாற்றியதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. அவன் விஷயத்தில் நீ எழுதியதெல்லாம் சரி. என்னைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சரி என்றிருப்பேனா, தெரியாது. ஒரு தபால் போய்த் திரும்ப எட்டு நாள் ஆகும், வாடகைக்கு இரண்டே நாள் கெடு, அதுவும் புரிகிறது. ஆனால் சேர்ந்த பிறகு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் நீ எனக்கு அரைப் பக்கம் எழுதினாய்.

இந்தப் பன்னிரண்டு வருடத்தில் என் எண் அடித்த இடத்தில் ஒரு சொட்டுக் கசிந்தது கிடையாது. அது உனக்கே தெரியும், பக்கத்தில் நின்றவன் நீ. இப்போது இரண்டு. அதில் ஓடப்போவது தண்ணீர் இல்லை, நீராவி. குழாய்க்குக் கீழே யாராவது நின்று வேலை செய்வார்கள். அவர்களுக்கும் ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்துத்தான் வேலை கிடைத்திருக்கும். உனக்குக் கீழிருந்து மேலே போகிற ஒட்டு நன்றாக வரும். அடிப்பக்கத்தில், மல்லாந்து பார்த்துப் போடும்போது கை அவசரப்படும். கசிந்த இரண்டும் அடிப்பக்கமாகத்தான் இருக்கும். மற்ற எண்பத்து நாலிலும் அடிப்பக்கத்தை இன்னொரு தடவை பார்.

சான்றிதழ் கொடுத்த அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா, "தொலைஞ்சுதா, திருடு போச்சா? ஒண்ணைச் சொல்லுங்க, அதுக்குத் தகுந்த படிவம்" என்றார். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். பிறகு உள்ளே போய், தொலைந்தது என்று எழுதிக் கொடுத்தேன். யார்மேல் சந்தேகம் என்ற இடத்தில் கோடு போட்டேன். ஏப்ரல் 30ஆம் தேதி பழைய எண்ணை ரத்து செய்து எல்லாக் கான்ட்ராக்டர்களுக்கும் அறிக்கை அனுப்புவார்கள். எனக்குப் புது எண் வரும்.

அதற்கு உனக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அந்த ஊரிலேயே வெல்டர் தேர்வு மாதம் இரண்டு தடவை நடக்கிறதாம், விசாரித்துவிட்டேன். உனக்கு வேலை தெரியும், அடிப்பக்கத்தைத் தவிர. பதினைந்து நாள் பழகு. உன் பெயரில் எழுது. தேர்வுக் கட்டணம் நான் தரப்போவதில்லை. உன்னிடம் சம்பளம் இருக்கிறது. அந்தக் காகிதத்துடன் நீயே போய்க் கான்ட்ராக்டரிடம் சொன்னால், ஒருவேளை கத்திவிட்டு வைத்துக்கொள்வான், ஆள் கிடைக்காத சமயம். அறிக்கை போய்ச் சேர்ந்த பிறகு என்றால் போலீஸ்.

நீ அனுப்பிய இரண்டாயிரத்தைத் திருப்பியனுப்ப நினைத்தேன். ஆஸ்பத்திரியில் செலவாகிவிட்டது. வீராப்புக்கும் காசு வேண்டியிருக்கிறது. சரிபாதி இனி வேண்டாம்.

இவளும் உன் கடிதத்தைப் படித்தாள். குழந்தையைப் பற்றி அண்ணனுக்கு எழுதுங்கள் என்று மட்டும் சொன்னாள். எழுதிவிட்டேன்.

புது எண் வந்ததும், மே முதல் வாரத்தில், நானும் அந்த ஊருக்குத்தான் வருகிறேன். இங்கே ஜன்னல் கம்பியை வைத்துக்கொண்டு மூன்று பேர் சாப்பிட முடியாது. காலை ஐந்தரை வரிசையில் உன்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளமாட்டேன். டீ கூடச் சேர்ந்து குடிக்கலாம். கேட் திறந்ததும் நீ உன் காகிதத்தைக் காட்டு, நான் என் காகிதத்தைக் காட்டுகிறேன்.

கட்டை