பின்னுக்குக் கொடுத்த பந்து

ஜூலை 12, ஞாயிறு

இன்று பார்க் எக்ஸ்டென்ஷன் மைதானத்தில் தோற்றோம். எங்கள் கோல் கீப்பருக்கு நான் திருப்பிக் கொடுத்த பந்தை எதிரணி பறித்துக் கோல் போட்டது. பிழை என்னுடையது. ஆனால் கழகத் தலைவர் செல்வம் அண்ணை பாய்ந்தது எங்கள் இத்தாலியக் கோச் மீது.

கோச் தன் நாட்டில், நான் ஆடும் அதே நடுக்களத்தில், பல வருடம் ஆடியவர். பின்னுக்குக் கொடுத்து, எதிரணியை எங்கள் பக்கம் இழுத்துவிட்டு, பிறகு முன்னேற எங்களைப் பழக்கியவர். தன் தாய்மொழியை விட்டால் அவருக்குப் பிரெஞ்சுதான் வரும். அண்ணைக்குப் பிரெஞ்சில் வணக்கத்துக்குப் பொன்ஜூர், நன்றிக்கு மெர்சி, அவ்வளவுதான். நடுவில் மொழிபெயர்க்க நான்.

"இனிப் பின்னுக்குக் குடுக்கிற விளையாட்டு வேண்டாம், முன்னுக்குத் தூக்கி அடிக்கச் சொல்லு. இல்லாட்டி கோச்சையே மாத்துவன் எண்டும் சொல்லு."

"ஓம் அண்ணை" என்றேன். கோச்சிடம் திரும்பி, "இதே ஆட்டத்தைத் தொடரச் சொல்கிறார்" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

கோச் முகம் மலர்ந்து அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் சொல் எடுபட்ட பெருமையில் அண்ணை "மெர்சி" என்றார்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்தில் எல்லாம் அம்பலமாகும். ஆகட்டும். என்னை வெளியே இருத்தினாலும் இருத்தட்டும். அதற்கு முன் எனக்கு வரும் முதல் பந்தை, அண்ணை பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, பின்னுக்குத்தான் கொடுப்பேன்.