கம்பிக்குக் கீழே வைத்த காம்பஸ்

இன்று காலை மேசை இழுப்பறையைத் துழாவியபோது அந்தப் பித்தளைக் காம்பஸ் கையில் தட்டுப்பட்டது. கைப்பேசிக்குப் பக்கத்தில் வைத்தேன். முள் வடக்கை விட்டுவிட்டு, அதன் ஒலிபெருக்கி இருக்கும் மூலையைப் பார்த்து நின்றது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நீ இருந்தால், "இதுவும் பிளஸ்ஸா, அப்பு?" என்று கேட்டிருப்பாய்.

அறுபதுகளின் நடுவில் சித்தையன்கோட்டையில் உன் தங்கையின் கல்யாணம். நாகல் நகரில் உன் மைக் செட் கடைக்கு எதிரில் என் சைக்கிள் கடை. புது ஆம்ப்ளிஃபயர் வாங்கி உனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் கருகிவிடும் என்று விற்றவர் எச்சரித்திருந்தார். கருகினால் உன் தொழிலும் அத்தோடு சரி. பந்தலில் மின்சாரம் இல்லை. கிடைத்ததோ ஒரு பழைய லாரி பேட்டரி. அதன் முனைகள் இரண்டும் தேய்ந்து ஒரே பருமனாக இருந்தன. குறி எதுவும் மிஞ்சவில்லை.

நான் சட்டைப் பையிலிருந்து காம்பஸை எடுத்தேன். அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை வைத்து நானாகப் படித்தவன் நான். காந்தத்தின் வடக்கும் பேட்டரியின் பிளஸ்ஸும் ஒன்றுதான் என்று அப்போது உறுதியாக நம்பினேன். ஒரு முனையருகே நீட்டியதும் முள் அதன் பக்கம் திரும்பியது. "இதுதான் பிளஸ்" என்றேன்.

நீ காம்பஸை வாங்கி மறுமுனையருகே நீட்டினாய். முள் அதன் பக்கமும் திரும்பியது.

"ஏலே, ரெண்டும் பிளஸ்ஸுங்குதே. இந்த பேட்டரி மைனஸ் இல்லாமலே பொறந்துச்சா?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. இரண்டு முனைகளிலும் இருந்த இரும்பு போல்ட்டுகளைத்தான் முள் தேடிப் போயிருக்கிறது. "வடக்கு தெக்கு காந்தத்துக்கு. பிளஸ் மைனஸ் பேட்டரிக்கு. அதையும் இதையும் போட்டுக் குழப்பாதே" என்றாய். பத்தாவது வரை படித்தவன் நீ. அந்தத் தோரணை எனக்குப் பொறுக்கவில்லை. அதே புத்தகத்தில் படித்த இன்னொரு சோதனை நினைவுக்கு வந்தது.

"சும்மா கெடக்குற பேட்டரிகிட்ட முள்ளு பேசாது. கரண்ட்ட ஓடவிட்டுப் பாரு" என்றேன்.

பேட்டரியோடு ஒரு லாரி பல்பைச் சேர்த்து, கம்பியைத் தெற்கு வடக்காக இழுத்துப் பிடித்தேன். காம்பஸ் கம்பிக்குக் கீழே. பல்பு எரிந்தது, முள்ளின் வடமுனை மேற்கே சாய்ந்தது. அப்படியென்றால் மின்சாரம் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. கம்பியின் தென்கோடி தொட்டிருக்கும் முனைதான் பிளஸ். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நீ காம்பஸைக் கம்பிக்கு மேலே வைத்துவிட்டாய். முள் கிழக்கே சாய்ந்தது.

"செத்த நேரத்துல கட்சி மாறிருச்சே."

"மேல வச்சா எதிர்ப்பக்கம்தான் போகும். கீழ வையி."

"உன்ன நம்பி என் ஆம்ப்ளிஃபயர எரிக்கவா?"

முகூர்த்தம் நெருங்கியது. நீ ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர் வாங்கிவந்து, பேட்டரியின் இரண்டு கம்பிகளையும் அதில் விட்டாய். நான் மைனஸ் என்று சொன்ன கம்பியில் குமிழிகள் பொங்கின. மைனஸில்தான் குமிழி அதிகம் வரும் என்பது உனக்கும் தெரியும். அதன்படியே இணைப்பைக் கொடுத்தாய். ஆம்ப்ளிஃபயர் உயிர்பெற்றது. தாலி கட்டி முடித்ததும் மைக்கைப் பிடித்து ஊருக்கே அறிவித்தாய்:

"பேட்டரி பாத்துக் கொடுத்தது நம்ம சைக்கிள் கடைக்காரரு. மொதல்ல சொன்னது தப்பு, ரெண்டாவது சொன்னது சரி."

அந்த முதல் பாதியை எதற்காகச் சொன்னாய்? நீ போகும் வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். "தப்புன்னு ஒத்துக்க, விட்டுர்றேன்" என்பாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதே சண்டையோடு தினமும் சேர்ந்து டீ குடித்தோம்.

இப்போதும் பேட்டரியோடும் பல்போடும் சேர்த்த ஒரு கம்பியைத் தெற்கு வடக்காக இழுத்து, கீழே காம்பஸை வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். முள் மேற்கே சாய்ந்து நிற்கிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன்: முதலில் சொன்னது தப்பு. ஆனால் அந்த உப்புத் தண்ணீர் தேவையே இல்லை. அதில் நான் இறங்கி வருவதாக இல்லை.