நான்காம் விதியை நீக்க வேண்டாமா?

1926 செப்டம்பர் 6, திங்கள்

மழை. குடைக் கம்பி ஒன்று போயிற்று. பத்திரிகை ஆபீசில் மொழிபெயர்க்கத் தந்திகள் எட்டு. ஆஸ்திரேலியாவில் நாட்டின் அரசியல் சட்டத்தைத் திருத்தலாமா என்று ஜனங்கள் எல்லோரையும் சீட்டுப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கம்பெனி, தொழிலாளர் விஷயங்களில் மத்திய சர்க்காருக்குக் கூடுதல் அதிகாரம். கூடாது என்கிறார்கள் போலிருக்கிறது. தலைப்பு வைத்தேன்: ‘சட்டத்தைத் திருத்த வேண்டாமா? வேண்டாம் என்கிறார்கள் குடிகள்!’ ஆசிரியர் சிரித்தார். “கையைக் கொடும் ஐயா.” கொடுத்தேன்.

மனைவி மா சேன் கண்ணை மூடி இரண்டு மாதம். அழுகை வரவில்லை. மீனாவுக்குச் சடை பின்னவும் இன்னும் வரவில்லை.

செப். 8, புதன்

இங்குள்ள தமிழர் சங்கத்துக் காரியதரிசி (கா.) ஆபீசுக்கே வந்தார். கையில் நம் பத்திரிகை.

“ஒரு நாட்டுச் சட்டத்தையே இப்படிக் கேட்டுத் திருத்தப் பார்க்கறான். நம்ம நாலாம் விதிக்கும் சீட்டே போட்டுடலாம். கை தூக்கச் சொன்னா அவன் மூஞ்சியை இவன் பார்ப்பான்.”

நாலாம் விதி: தாய் தகப்பன் இருவரும் தமிழரானால்தான் பிள்ளைக்குச் சங்கப் பள்ளியில் இடம். என் மீனாவின் தாய் பர்மாக்காரி. விதியை எடுக்க வேண்டும் என்று கா.வும் ஒற்றைக்காலில் நிற்கிறார்.

“கேள்வியை நீங்களே எழுதுங்க. உங்க தலைப்பு மாதிரி நறுக்குன்னு.”

எழுதினேன். ‘நான்காம் விதியை நீக்க வேண்டாமா? வேண்டும் / வேண்டாம். ஒன்றில் குறியிடுக.’ விதி இன்னதென்று எழுதவில்லை. எழுதினால் என் வீட்டு விஷயம் மாதிரி இருக்கும். வெட்கம்.

செப். 12, ஞாயிறு

வாங்க: மண்ணெண்ணெய், மீனாவுக்குச் சீப்பு. குடையை ரிப்பேருக்குக் கொடுக்க (மறந்தாயிற்று).

சங்கத்தில் சீட்டு கொடுத்துவிட்டார்கள். வாரத்துக்குள் பெட்டியில் போட வேண்டும்.

மா சேனின் அக்கா டோ தெயின் ஆற்றுக்கு அக்கரை தன்லியினிலிருந்து லாஞ்சில் வந்தார். உடைந்த தமிழ். “நீ ஆபீஸ் போற. பிள்ளை வீட்டுல தனியா. பள்ளிக்கூடம் கிடைக்குது, உன்கிட்ட இருக்கட்டும். கிடைக்கல, நான் கூட்டிப் போறேன்.”

நியாயம்தான். மீனா அவர் மடியில் உட்கார்ந்து பர்மியத்தில் வளவளவென்று பேசினாள். என்னிடம் அப்படிப் பேசுவதில்லை.

செப். 19, ஞாயிறு

மழை விட்டிருந்தது. சீட்டு எண்ணி முடித்தார்கள். ‘வேண்டாம்’தான் அதிகம். விதி அப்படியே இருக்கும்.

கா. முகத்தைத் துடைத்துக்கொண்டார். “துறைமுகத்து ஜெட்டி ஆளுங்க நம்ம பக்கம்னு நினைச்சேன். மொத்தமா கவுத்துட்டாங்க. இனி மூணு வருஷம் இந்தப் பேச்சை எடுக்க முடியாது.”

மூன்று வருஷத்தில் மீனாவுக்குப் பத்து வயது.

சாயங்காலம் முத்துவேல் மேஸ்திரி. ஜெட்டியில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கெல்லாம் அவர்தான் மேஸ்திரி. மா சேனைத் தங்கச்சி என்றே கூப்பிடுவார். கையில் புது ஸ்லேட்டு. வாசலிலேயே சத்தம்.

“‘வேண்டாம்’தான் ஜெயிச்சுதாமே தம்பி! விட்ருவோமா? நம்ம பாப்பாவ நீக்கப் பாக்கறானுங்க, ‘வேண்டாம்’ல குறி போடுங்கடான்னு ஒருத்தன் பாக்கியில்லாம சொல்லிப்புட்டேன்.”

விதியை நீக்க வேண்டாமா என்று கேட்டது நான். பிள்ளையை நீக்க வேண்டாம் என்று பதில் சொல்லியிருக்கிறார் அவர்.

டீ கொடுத்தேன். “நல்லதுண்ணே” என்றேன். அவர் போனபின் டம்ளரை மூன்று தரம் கழுவினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அதற்கும் கை எழவில்லை.

செப். 20, திங்கள்

மறுபடி மழை. அரைநாள் லீவு. மீனாவின் மூட்டை: லுங்கி 3, சட்டை 4, சீப்பு. ஸ்லேட்டை அவளே கையில் வைத்துக்கொண்டாள். சடை கோணல். டோ தெயின் லாஞ்சில் ஏறி இடம் பிடித்துவிட்டார்.

ஜெட்டியில் அரிசி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து மேஸ்திரி. “அடேயப்பா, ஸ்லேட்டும் கையுமா! பெரியம்மா வீட்டுக்கா பாப்பா? பள்ளிக்கூடம் போகணும்ல, சீக்கிரம் வந்துடணும்.”

மீனா என்னைப் பார்த்தாள். “நான் திரும்பி வர வேண்டாமாப்பா?”

“வேணும்” என்றேன். அதே நேரம் லாஞ்சின் சங்கு. கேட்டதோ இல்லையோ.

குடை ரிப்பேரில். நனைந்துகொண்டே ஆபீஸ். தந்திகள் ஐந்து.