தாடிக்காரர் பெயரில் ஒரு சலவை நேரம்

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்றும் கட்டடத்தின் பொதுச் சலவை அறை கிடைக்கவில்லை. குடியிருப்புச் சங்கம் புதிதாக வைத்திருக்கும் செயலி, ஒரு கைபேசி எண்ணுக்கு வாரத்தில் ஒரு முறைதான் நேரம் ஒதுக்கும். என் துணிகளுக்கு அது போதும். என் குதிரை ஹும்லேயின் போர்வைக்கு? குதிரையில் எனக்குப் பாதிப் பங்குதான், ஆனால் போர்வையில் சேறு முழுசாகவே இருக்கிறது. அதை இங்கே துவைக்கவே கூடாது என்று வேறு சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். சங்கத் தலைவி இங்கியெர்டின் கைங்கரியம்.

பிப்ரவரி 10

செய்துவிட்டேன். அதே கைபேசியில் இன்னொரு எண்! இ-சிம். அட்டை இல்லை, கடைக்குப் போகவில்லை. க்யூஆர் கட்டக் குறியைக் கேமராவில் காட்டினேன், இரண்டாவது எண் வந்து உட்கார்ந்துகொண்டது. முதல் எண்ணுக்கு ‘நான்’ என்றும் இரண்டாவதற்குத் ‘தாடி’ என்றும் பெயர் வைத்தேன். செயலி ஆள் பெயர் கேட்டதே — தொர்வால்ட், பி வாசல், ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர். தாடி கட்டாயம் உண்டு.

யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால், செருப்பு மாட்டிய காலோடு உள்ளேயே நின்று, காலடி இறங்கிப் போனபிறகு வெளியே வருகிறவர்கள் நாங்கள். பாதிப் பேரை எனக்கு இருமலை வைத்துத்தான் தெரியும். ஸ்வீடனின் இந்த யொத்தெபோரி நகரத்தில் இல்லாத ஓர் ஆள் குடிவந்தால் யாருக்குத் தெரியும்?

பிப்ரவரி 17

தொர்வால்டின் நேரத்தில் போர்வை துவைத்தாயிற்று. வாழ்க தாடி.

மார்ச் 1

செயலியின் அறிவிப்புப் பலகையில் மய்லிஸ் என்ற ஒருத்தி. பி வாசலாம்.

“நேத்து துவைச்சது யாரு? ஃபில்டர் பூரா பழுப்பு முடி. குதிரை முடி மாதிரி இருக்கு. வெக்கமா இல்லையா?”

முன்பெல்லாம் இப்படித் திட்டுகிறவர்கள் பெயர் போடாமல் ஒரு தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். இப்போது செயலி பெயரும் எண்ணும் கேட்கிறது. இவளுக்கு நல்ல தைரியம்தான்.

‘தாடி’யிலிருந்து பதில் போட்டேன்: “மன்னிக்கணும் அம்மணி. அது என் தாடி.”

“தாடியையா மெஷின்ல போட்டுத் துவைக்கிறீங்க?”

“தலையை உள்ளே விட்டுத்தான் காலுறை தேடுறேன்.”

மளமளவென்று இதயக் குறிகள். நான் என் சொந்தப் பெயரில் எழுதிய எதற்கும் ஒரு இதயம்கூட விழுந்ததில்லை.

மார்ச் 19

கீழ்த்தளத்து ஒசியான் — கைக்குழந்தைக்காரன் — என்னிடமே சொல்கிறான்: “இந்தக் கட்டடத்துல மனுஷன்னா தொர்வால்ட் ஒருத்தர்தான், தூவா.” பொறாமையாக இருந்தது. என் மேலேயே எனக்குப் பொறாமை.

ஏப்ரல் 9

கெட்டது குடி.

நான் இருப்பது உள்வாடகை வீடு. வருஷா வருஷம் சங்கம் சம்மதித்தால்தான் இருக்கலாம். ஜூனோடு தவணை முடிகிறது. சம்மதம் இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இந்த ஊரில் வேறு வீடு கிடைப்பதற்குள் எனக்கு நரைத்துவிடும். ஆகவே இங்கியெர்டுக்குப் பணிவாக ஒரு விண்ணப்பம் எழுதி, ‘அன்புடன், தூவா’ என்று முடித்து அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் பார்க்கிறேன் — போயிருப்பது ‘தாடி’யிலிருந்து!

போன மாதம் ஃபில்டர் துடைக்கப் புது பிரஷ் வாங்கி வைத்ததற்குத் தொர்வால்ட் அவளுக்கு நன்றி சொல்லியிருந்தார். ஒருவரிடம் கடைசியாக எந்த எண்ணில் பேசினோமோ, கைபேசி அதையே பிடித்துக்கொள்கிறது. கேட்பதும் இல்லை. பதறிப்போய் அதையே என் எண்ணிலிருந்தும் அனுப்பினேன். இப்போது ஒரே விண்ணப்பம் இரண்டு எண்களிலிருந்து. அட மடச்சி! முதலாவதாவது கைத்தவறு. இரண்டாவது?

பதில் இல்லை.

ஏப்ரல் 10

பதில் இல்லை.

ஏப்ரல் 14

குப்பைத் தொட்டி அருகே இங்கியெர்டைப் பார்த்தேன். “காத்து ஜாஸ்தி இன்னிக்கு” என்றாள். இதற்கு என்ன அர்த்தம்?

மே 12

ஆண்டுக் கூட்டம். படியிறங்கும்போதே ‘தாடி’யை அணைத்துவிட்டேன். இங்கியெர்ட் பக்கத்து நாற்காலிதான் காலியாக இருந்தது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன்.

சலவை அறைக்குப் பொறுப்பாளர் யார் என்று கேட்டதும் எல்லோருக்கும் காப்பிக் கோப்பைக்குள் ஏதோ தெரிந்துவிட்டது. ஒசியான்தான் எழுந்தான்.

“தொர்வால்டைப் போடலாம். வரலைன்னாலும் மாட்டேன்னு சொல்லமாட்டார். கூப்பிட்டே கேட்டுடறேன்.”

எல்லோரும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில் அழைத்தான். தொடர்புகொள்ள இயலவில்லை என்றது ஒரு குரல். மூச்சு வந்தது எனக்கு.

“சரி, அப்ப மய்லிஸ். ஃபில்டர் மேல அவங்களுக்குத்தான் அக்கறை.”

அங்கே மணி போகப் போக, இங்கே என் பக்கத்தில் இங்கியெர்டின் கைப்பை அதிர ஆரம்பித்தது. திமிறும் கோழியை அமுக்குவதுபோல இரண்டு கைகளாலும் அதை அமுக்கிப் பிடித்திருந்தாள். ஒசியான் துண்டித்தான். பையும் அடங்கியது. அவள் காது மடல் சிவந்திருந்தது.

“அடுத்தது, சைக்கிள் நிறுத்துற இடம்” என்றாள் தலைவி.

மே 13

சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. ‘தாடி’யைத் திறந்து மய்லிஸுக்கு எழுதினேன்: “அம்மணி, நேத்து உங்க கைப்பை ஆடினது ரொம்ப நல்லா இருந்தது.”

உடனே பதில்: “நன்றி. உங்க குதிரை சௌக்கியமா?”

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

அப்புறம் கதவு தட்டும் சத்தம். இந்தக் கட்டடத்தில் கதவு தட்டுகிற வழக்கமே கிடையாது! ஏலக்காய் பன் பொட்டலத்தோடு இங்கியெர்ட்.

“தலைவியா இருந்துக்கிட்டு யாரைத் திட்ட முடியும்? சிரிச்சுட்டே இருக்கணும். முன்னெல்லாம் பேர் போடாம ஒரு தாளை ஒட்டிட்டுப் போயிடுவேன். இந்தச் சனியன் பேர் கேக்குதே. அக்கா பையன் ஃபோன்லயே இன்னொரு நம்பர் போட்டுக் குடுத்தான். அணைக்கத்தான் சொல்லிக் குடுக்கலை.”

அணைக்கக் காட்டிக் கொடுத்தேன். பிறகு, “என் வீடு?” என்றேன்.

“ரெண்டு பேர் விண்ணப்பம் போட்டிருந்தீங்க. ரெண்டு பேருமே நல்லவங்களாத்தான் தெரிஞ்சுது. கமிட்டியில ஒத்துக்கிட்டாச்சு.” பன்னைப் பிய்த்தாள். “போன மாசமே.”

“போன மாசமேவா? ஏன் சொல்லலை?”

“தாடி என்னதான் பண்ணுதுன்னு பாக்கலாம்னு.”

ராட்சசி. ஒரு மாதமாக எனக்குத் தூக்கம் கிடையாது! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

தொர்வால்டும் மய்லிஸும் காலி செய்ய வேண்டும், பொறுப்பாளர் வேலையை நான் ஏற்க வேண்டும் — இது அவள் நிபந்தனை. சமையலறை மேசையில் உட்கார்ந்து இரண்டு எண்களையும் அழித்தோம். நிச்சயமாகத்தானா என்று கைபேசி கேட்டபோது கொஞ்சம் வலித்தது. தொர்வால்ட் என்னைவிட நல்ல மனுஷர்.

ஜூன் 7, ஞாயிறு

போர்வை துவைக்கத் தன் நேரத்தையே கொடுத்தாள் இங்கியெர்ட். சுவரில் இருந்த தடை அறிவிப்பை எப்போது கழற்றினாளோ தெரியாது. “ஃபில்டர்ல ஒரு முடி இருந்தாலும் அந்தக் குதிரையையே வரவழைச்சுத் துடைக்க வைப்பேன்” என்றாள்.

பலகையில் மூன்று வாரமாக ஒரே பேச்சு: தொர்வால்டும் மய்லிஸும் ஒரே நாளில் காணாமல் போய்விட்டார்கள். அந்தச் சண்டை சண்டையே இல்லை என்று எல்லோருக்கும் அப்போதே தெரியுமாம். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டுமாம்.

நாங்கள் ஆளுக்கொரு முனையாகப் போர்வையை மடித்துக்கொண்டிருந்தபோது, குழந்தைத் துணியோடு ஒசியான் வந்தான்.

“கல்யாணத்துக்கு நம்மளைக் கூப்பிட்டிருக்கலாம் இல்ல?” அவன் முகத்தில் நிஜமான வருத்தம்.

நான் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். இங்கியெர்ட் தன் முனையை நிதானமாக நீவிவிட்டாள்.

“மய்லிஸுக்கு ஆடம்பரம் பிடிக்காதுப்பா.”