வெட்டாத பதினாறு பக்கங்கள்

நீ சைகோன் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டதால்தான் நான் உன்னோடு பேச்சை நிறுத்தினேன் என்று வில்லியனூரில் இன்னும் சொல்கிறார்கள். அவரை முதலில் எனக்குத்தான் பார்த்தார்களாம், எனக்குப் பொறாமையாம். அது தவறு. அவரை எனக்கு யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்த மீசைக்கு நான் சம்மதித்திருக்க மாட்டேன். நம் பேச்சு நின்றது ஒரு நாவலால்.

சென்ற செவ்வாய்க்கிழமை உன் தம்பி வந்தான். அவனுக்கும் தலை முழுதும் நரைத்துவிட்டது. பழைய வீட்டை இடிக்கிறார்களாம். உங்கள் அப்பாவின் தகரப்பெட்டியில் கிடைத்தது என்று ஒரு புத்தகத்தை நீட்டினான். பாச்சை உருண்டை வாசனை கூடம் முழுவதும் பரவியது. முதல் பக்கத்தில் உன் கையெழுத்தில் நம் இருவர் பெயரும் இருந்தன. என் பெயரை மேலே எழுதியிருந்தாய்.

உனக்கு நினைவிருக்கும். பிரெஞ்சு வகுப்புக்குப் புதிதாக வந்த இளம் கன்னியாஸ்திரீ, இரண்டு பேருக்கு ஒன்று என்று அந்த நாவலைக் கொடுத்தார். ஐரோப்பாவின் வடக்கே ஏதோ ஒரு மொழியில் எழுதிப் பிரெஞ்சில் பெயர்த்தது. "கதையை எழுத வேண்டாம். அது உங்களுக்குள் என்ன செய்தது என்று எழுதுங்கள்" என்றார். அதுவரை யாரும் நம்மிடம் அப்படிக் கேட்டதில்லை.

பனி கொட்டும் ஊரில், ஆற்றங்கரை வீட்டில், சொல்லாமல் போன கணவனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். கதை அவ்வளவுதான். ஆனால் யார் பேசுகிறார்கள் என்று தெரியாது. நேற்று நடந்ததும் பத்து வருடம் முன்பு நடந்ததும் ஒரே வாக்கியத்தில் வரும். பாதிப் பாதியாகப் பிரித்துப் படித்து, பள்ளிக்கூடம் போகும் ரயிலில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது என்பது என் யோசனை. முன்பாதி எனக்கு, பின்பாதி உனக்கு.

"இன்னாடி இது, அந்தப் பொம்பளைக்கு அடுப்பு மூட்டவே அம்பது பக்கமா?" என்று கேட்டாய்.

"வெறகு ஈரம்டி" என்றேன்.

எதிரே கூடையோடு உட்கார்ந்துவரும் மீன்காரம்மாதான் முதலில் சிரித்தாள். அதன் பிறகு தினமும் அவளுக்கும் கதை சொல்ல வேண்டியதாயிற்று. "இன்னா பொண்ணுங்களா, இன்னிக்காவது புருசன் வந்தானா?" என்பாள். கட்டுரையை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் அவள் உன்னை விடவே இல்லை. நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்:

"வந்தான். கதவத் தட்டினான். அவ எழுந்திருக்கல. கிண்ணத்துல இருந்த சூப்ப கடைசி சொட்டு வரைக்கும் குடிச்சா. அவன் போயிட்டான்."

"நல்லா பண்ணா" என்று மீன்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

நான் நான்கு பக்கம் எழுதினேன். திறக்காமலிருக்க அவளுக்கு உரிமை உண்டு என்று எழுதினேன். என் அப்பா சொல்லாமல் போய் ஆறு மாதம் கழித்து வந்தபோது, அம்மா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்ததையும் எழுதினேன். உன்னிடம்கூடச் சொல்லாத விஷயம் அது. கன்னியாஸ்திரீ அதை வகுப்பில் உரக்கப் படித்தார். படித்து முடித்து என்னைக் காட்டி, "இல்லாத ஒன்றுக்காக இந்த மத்மசேல் மிகவும் உருகியிருக்கிறாள். புத்தகத்தில் அவள் கதவைத் திறக்கிறாள்" என்றார். வகுப்பே சிரித்தது. புத்தகம் எங்கே என்று கேட்டதற்குத் தொலைந்துவிட்டது என்று சொல்லி நீ மணி அடிக்கும்வரை மண்டியிட்டாய். வகுப்பில் முதலிடத்துக்காக என்னைக் கவிழ்த்துவிட்டு, பொய் வெளிப்படாதிருக்கப் புத்தகத்தை ஒளித்தாய் என்று முடிவு கட்டினேன்.

அன்று மாலை என் வீட்டு வாசலில் நின்றாய். "தொறடி. ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடறேன்." நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன். எழுந்து பார்த்தபோது நீ இல்லை. அடுத்த மாதம் உன் கல்யாணம், பிறகு சைகோனுக்குக் கப்பல்.

அக்காலத்துப் பிரெஞ்சுப் புத்தகங்கள் தாள் வெட்டாமல் வரும். மடிப்பைக் கீறித்தான் படிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பிரித்துப் பார்த்தேன். என் பாதி நேராக வெட்டியிருந்தது. உன் பாதி கொண்டையூசியால் கிழித்தது போலப் பிசிறு பிசிறாக இருந்தது. கடைசிப் பதினாறு பக்கங்களை யாரும் வெட்டவே இல்லை.

உன் தம்பியைக் கேட்டேன். "கத பொஸ்தகம் படிக்கவா ரயிலேத்தி அனுப்பறேன்னு நைனா புடுங்கிப் பூட்டிட்டாருக்கா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அக்கா எங்கிட்ட சத்தியம் வாங்கிச்சி" என்றான். ஏன் சொல்லக் கூடாது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். "உங்க வூட்டுல பஞ்சாங்கத்தத் தவிர வேற பொஸ்தகம் உண்டாடி?" என்று எல்லாப் பெண்களுக்கும் நடுவில் உன்னைக் கேட்டவள் நான்தான்.

அவன் போனதும் காய்கறிக் கத்தியால் அந்தப் பக்கங்களைக் கீறிப் படித்தேன். அவள் திறக்கிறாள். இருவரும் மூன்று பக்கம் பனியைப் பற்றிப் பேசுகிறார்கள். சுமாரான முடிவு. நீ சொன்னதுதான் மேல்; இத்தனை வருடமும் எனக்குள் இருந்ததும் அதுதான். என் வீட்டுக்காரர் போன பிறகு இந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். யாராவது தட்டினால் இன்னும் கை வேலையை முடித்துவிட்டுத்தான் எழுகிறேன். வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இப்போதெல்லாம் தட்டுவதே குறைந்துவிட்டது. உன் கதையில் அந்தப் பெண் கதவைத் திறக்காதது விட்டுப் போனவனுக்கு. நான் திறக்காதது தேடி வந்த உனக்கு.

சைகோனிலிருந்து பிரான்சுக்குப் போன சில வருடங்களில் உன் கடிதங்கள் நின்றுவிட்டனவாம். "இருந்தா எழுதியிருக்காதாக்கா?" என்றான் உன் தம்பி. கடைசியாக வந்த உறையைக் கொண்டுவரச் சொல்லி, அதிலிருந்த முகவரியைத்தான் இந்தக் கடிதத்தின்மேல் எழுதியிருக்கிறேன்.

அன்று வாசலில் என்ன சொல்ல வந்தாய் என்று உன் கையாலேயே எழுது. தமிழில் எழுது. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.